விலை தெரிந்த தூதர்

டாம் பராக் என்ற பெயரை நான் முதன்முதலில் தட்டச்சு செய்தது 2005 ஜூலையில். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டலை விற்கிறார்கள் என்று செய்தி வந்த மாதம் அது. ராஃபிள்ஸ், ஸ்விஸ்ஓட்டல் பெயர்களில் பல நாடுகளில் இருந்த 41 ஓட்டல்கள் மொத்தமாகக் கைமாறின. விலை ஏறக்குறைய 172 கோடி சிங்கப்பூர் வெள்ளி. வாங்கியது லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த காலனி கேப்பிட்டல். அதை நிறுவி நடத்தியவர் பராக்.

அந்த வாரம் ஊரில் ஒரு வருத்தம் இருந்தது. 1887இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய ஓட்டல். 1987 முதல் தேசிய நினைவுச்சின்னம். எங்களில் பெரும்பாலோர் அதற்குள் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்ததில்லை. ஆனாலும் அது எங்கோ இருக்கும் ஒருவர் கைக்குப் போவது யாருக்கும் பிடிக்கவில்லை. வணிகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். வங்கிக் கணக்குகளைப் படிப்பதில் தேர்ந்தவர். என் மேசைக்கு வந்து குனிந்து செய்தியைப் படித்தார்.

“தம்பி, இவரு ஓட்டல வாங்கல. விலையை வாங்குறாரு. கொஞ்ச வருஷம் பாரு, வேற ஆளு கையில இருக்கும்.”

“அண்ணே, நினைவுச்சின்னம்ணே. அப்படி விட்டுருவாங்களா?”

“கட்டடத்துக்குத்தான் சட்டம். உரிமைப் பத்திரத்துக்கு என்ன சட்டம்?”

2010இல் ராஃபிள்ஸ் ஓட்டல் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனத்திடம் போனது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். அதோடு பராக்கை மறந்தும் போனேன். 2025இல் அதே பெயர் வெளியுறவுச் செய்திகளில் நாள்தோறும் வரத் தொடங்கியது. துருக்கிக்கு அமெரிக்கத் தூதர், சிரியாவுக்கு அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதர், லெபனானுக்கும் அவரே போய்வந்தார். அப்போது வயது 78. ஓட்டல் வாங்கிய மனிதர் நாடுகளைப் பேசி முடிக்க வந்திருக்கிறார். அவரை அப்போதுதான் நான் சரியாகப் படிக்கத் தொடங்கினேன்.

லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு ஓரம், சன்னீன் மலையடிவாரத்தில் ஸஹ்லே என்று ஓர் ஊர். நடுவே பெர்தவ்னி ஆறு ஓடும். கிரேக்கக் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் ஊர், அரக் சாராயத்துக்கும் திராட்சை மதுவுக்கும் பேர்போனது. 1900இல் பராக்கின் பாட்டனாரும் பாட்டியும் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்போது லெபனான் என்று தனி நாடு இல்லை. ஒட்டோமான் பேரரசின் ஆளுகையில் இருந்த மலைப்பகுதி அது. இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தானாக இருந்தார். அந்த மலையிலிருந்து வெளியேறியவர்கள் ஆயிரமாயிரம். பெட்டி சுமந்து ஊர் ஊராக ஊசி நூல் விற்றார்கள், பிறகு சிறு கடை வைத்தார்கள். அமெரிக்கக் குடியுரிமை கேட்டபோது, நீங்கள் வெள்ளையரா இல்லையா என்று நீதிமன்றங்கள் அவர்களைக் கேட்டன. தென் கரோலினாவில் ஜார்ஜ் டவ் என்ற சிரிய வணிகரின் மனு திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகி, 1915இல் மேல்முறையீட்டில்தான் அவர்கள் இனத்தாருக்குக் கதவு திறந்தது. எந்த இனம், எந்த நாடு என்று அடுத்தவர் தீர்மானிப்பதற்காகக் கூண்டில் நின்ற தலைமுறை அது.

அந்தத் தலைமுறையின் பேரன் 1947இல் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கல்வர் சிட்டியில் வளர்ந்தார். எம்ஜிஎம் திரைப்படக் கூடங்கள் இருந்த ஊர். அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அம்மா அலுவலகச் செயலாளர்.

மளிகைக்கடை வீட்டில் வளர்வது எப்படி என்று எனக்குத் தெரியும். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அவர் தொடங்கிய கடையை அப்பா நடத்தினார். எங்கள் பள்ளிப்பாடம் எல்லாம் அரிசி மூட்டைகளுக்கு நடுவேதான். சிங்கப்பூர், மலேசியாக் கடைக்காரர் எல்லாரிடமும் 555 என்று அட்டையில் அச்சிட்ட ஒரு சின்ன நோட்டு இருக்கும். கடன் கணக்கு எழுதுவது அதில்தான். மாதம் பிறந்தால் அப்பா அந்த நோட்டைப் புரட்டிக் கூட்டிப் போடுவார். யார் வீட்டில் வேலை போயிற்று, யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் கொடுக்க முடிந்தும் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் நோட்டில் எழுதாமலே அவருக்குத் தெரியும். சிலர் பெயருக்கு நேரே கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கம் போவார். கேட்டால், “அவங்க இருக்குற நெலமைக்கு நாம கேக்கக் கூடாதுய்யா” என்பார். கடன்காரரின் முகம் தெரிந்த கணக்கு அது. எனக்கு முதலில் கிடைத்த கல்வி அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். அதனாலேயே, மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவர் அரபு நாடுகளுக்குத் தூதராகப் போகிறார் என்று படித்தபோது மனதுக்குள் ஒரு நெருக்கம் உண்டானது.

பராக் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1969இல் பட்டம் பெற்றார். அங்கே ரக்பி ஆடினார். 1972இல் சட்டப் பட்டம். முதல் வேலை ஹெர்பர்ட் கால்ம்பாக்கின் சட்ட அலுவலகத்தில். கால்ம்பாக், அதிபர் நிக்சனின் சொந்த வழக்கறிஞர். பின்னால் வாட்டர்கேட் விவகாரத்தில் சிறைக்குப் போனவர். அந்த அலுவலகம்தான் இளம் பராக்கை சவூதி அரேபியாவுக்கு அனுப்பியது. அங்கே நடந்ததை அவரைப் பற்றி எழுதும் எவரும் விடுவதில்லை. ஸ்குவாஷ் ஆட ஆள் வேண்டும் என்று ஒருவரோடு ஆடச் சொன்னார்கள். ஆடினார். எதிரில் ஆடியவர் மன்னரின் மகன் என்பது பிறகு தெரிந்தது. அந்த நட்பு வழியே இளவரசர்களின் வட்டத்துக்குள் போனார், அவர்களுக்காக வேலை செய்தார்.

எண்ணெய் விலை ஏறப்போகும் காலத்தின் வாசலில், இருபத்தைந்து வயதில், ஒருவருக்கு இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் இருக்க முடியாது. அங்கே அவர் கற்றது எளிய பாடம்: சரியான மனிதரோடு உட்கார இடம் கிடைத்தால் கதவுகள் திறக்கும். அரசு அலுவலகம், சட்டமன்றம், பத்திரிகை எல்லாம் அதற்கப்புறம். மன்னராட்சி நாட்டில் தொழில் செய்தவருக்கு இது அனுபவ உண்மை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 டிசம்பரில் தோஹா மாநாட்டு மேடையில், இந்தப் பகுதியில் நன்றாக வேலை செய்திருப்பது கருணையுள்ள மன்னராட்சிதான் என்ற பொருளில் அவர் பேசியபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அந்த ஸ்குவாஷ் களம்தான் நினைவுக்கு வந்தது. மனிதர் தன் முதல் பள்ளிக்கூடத்துக்கு நேர்மையாக இருந்தார். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியாது. சிரியாவில் 2011இல் தெருவுக்கு வந்தவர்கள் நல்ல மன்னர் வேண்டும் என்று கேட்டு உயிரைக் கொடுக்கவில்லை.

ரீகன் அரசில் உள்துறை அமைச்சகத்தில் சில காலம் துணைச் செயலர் நிலைப் பதவி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடுத்த பள்ளிதான் முக்கியம். டெக்சஸ் செல்வந்தர் ராபர்ட் பாஸிடம் வேலை பார்க்கும்போது, 1988இல் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலை ஒருவருக்கு விற்றுக் கொடுத்தார். விலை 40 கோடி டாலருக்கு மேல். வாங்கியவர் டோனல்ட் டிரம்ப். நான்கே ஆண்டுகளில் அதற்கு வாங்கிய கடன் டிரம்பை நெருக்கி, ஓட்டல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 1995இல் சவூதி இளவரசர் அல்வலீதும் சிங்கப்பூரின் குவெக் குடும்ப நிறுவனமும் அதை வாங்கினார்கள். இவ்வளவு விலைக்குத் தன் தலையில் கட்டியவர் மீது டிரம்புக்குப் பகை வரவில்லை. நட்பு வளர்ந்தது. பிற்காலத்தில் ஒரு தூதர் பதவிக்கு அடித்தளம் அந்த விற்பனையில் விழுந்தது என்றே சொல்வேன்.

1980களின் இறுதியில் அமெரிக்காவின் சேமிப்பு, வீட்டுக்கடன் வங்கிகள் வரிசையாகச் சரிந்தன. அவற்றின் சொத்துகளையும் கடன்களையும் விற்றுத் தீர்க்க 1989இல் அரசு ஒரு நிறுவனத்தை அமைத்தது. 1995க்குள் அது 747 வங்கிகளின் கணக்கை முடித்தது. அவற்றின் சொத்து மதிப்பு 39,000 கோடி டாலருக்கும் மேல். 1990களின் தொடக்கத்தில் பராக் தொடங்கிய காலனி கேப்பிட்டல் அந்தச் சந்தையில்தான் வளர்ந்தது. வேலை இதுதான். நூறு டாலர் கடன் பத்திரத்தை அரசு அவசரமாக விற்கும். நாற்பதுக்கோ ஐம்பதுக்கோ வாங்கலாம். கடன்காரர் எழுபது கட்டினாலே லாபம். கட்டவில்லையா, அடமான நிலம் கைக்கு வரும். சிக்கலில் இருக்கும் சொத்தை, விற்பவருக்கு மூச்சுமுட்டும் நேரத்தில் வாங்கி, சீர்செய்து, நேரம் பார்த்து விற்பது. 2008இல் மைக்கேல் ஜாக்சனின் நெவர்லேண்ட் பண்ணை ஏலத்துக்குப் போகவிருந்தபோது, அதன் மீதிருந்த 2 கோடி டாலருக்கும் அதிகமான கடனை வாங்கி ஏலத்தை நிறுத்தியதும் காலனிதான். 2006இல் பாரிஸ் சேன் ஜெர்மேன் கால்பந்துக் கழகத்தில் பங்கு வாங்கி, 2011இல் கத்தாருக்கு விற்றார்கள். ராஃபிள்ஸும் இந்த வரிசையில் ஒன்று.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சந்தைக்கு இந்த ஆட்களும் தேவை. அரசு விற்க முடியாமல் வைத்திருந்த சுமையை அவர்கள் எடுத்தார்கள். ஆனால் இந்தத் தொழிலில் கடன்காரரின் முகம் தெரிய வேண்டியதில்லை. அப்பாவின் 555 நோட்டை இன்னொருவர் வாங்கியிருந்தால் அதிலிருந்து எண்கள் மட்டுமே கிடைத்திருக்கும். கோடு கிழித்த பெயர்களின் காரணம் அப்பாவோடு போயிருக்கும். முப்பது ஆண்டுகள் எண்களை மட்டும் வாங்கி விற்ற கண், ஒரு நாட்டைப் பார்க்கும்போது எதைப் பார்க்கும்? பராக்கைப் பற்றி எனக்குள்ள கேள்வி அது ஒன்றுதான்.

2016இல் டிரம்புக்காகக் குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசினார். 2017 பதவியேற்பு விழாக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 10 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். 2021 ஜூலையில் கைதானார். ஐக்கிய அரபு அமீரகத்தின் நலனுக்காக, பதிவு செய்துகொள்ளாமல், அமெரிக்க அரசுக்குள் வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. 25 கோடி டாலர் பிணை. 2022 நவம்பரில் ப்ரூக்ளின் நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. வளைகுடாவின் குரலாக வாஷிங்டனில் பேசினார் என்று கூண்டில் நின்றவர், மூன்று ஆண்டுகளுக்குள் வாஷிங்டனின் குரலாக மேற்கு ஆசியாவுக்குப் போனார்.

2025 மே மாதம் அங்காராவில் நியமனப் பத்திரத்தை ஒப்படைத்தார். ஒட்டோமான் சுல்தானின் குடிமக்களாகக் கப்பல் ஏறிய இருவரின் பேரன், அந்தப் பேரரசின் வாரிசு நாட்டில் அமெரிக்காவின் தூதர். அதே மாதக் கடைசியில் டமாஸ்கஸில் அமெரிக்கத் தூதரின் இல்லத்தில் கொடி ஏற்றினார். 2012இல் தூதரகம் மூடிய பிறகு அங்கே கொடி ஏறியது அதுவே முதல் முறை. ஒட்டோமான் நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்ட சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். நூறாண்டுக்கு முன் மேற்கு நாடுகள் பென்சிலால் கோடு போட்டு இந்த மக்களைப் பிரித்தன, அந்தத் தவறை அமெரிக்கா மீண்டும் செய்யாது என்று எழுதினார். தொழில்முறைத் தூதர் யாரும் இவ்வளவு திறந்து எழுதியிருக்க மாட்டார். ஸஹ்லேயை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் நினைவு அதில் பேசியது என்று நான் மகிழ்ந்தேன்.

சிரியா மீதான தடைகளை நீக்கப்போவதாக டிரம்ப் ரியாத்தில் அறிவித்ததும், ஜூன் 30இல் அதற்கான ஆணையில் கையெழுத்திட்டதும், பராக் அதை ஓடி ஓடி நடைமுறைப்படுத்தியதும் சிரிய மக்களுக்கு நன்மை. மருந்துக்கும் மின்சாரத்துக்கும் பணம் அனுப்ப முடியாமல் இருந்த நாடு. அதிபரை நேரடியாக அழைக்க முடிந்த ஒருவர் இருந்ததால் தாமதங்கள் குறைந்தன. இதை மறைத்துவிட்டு அவரைக் குறைகூறுவது நியாயமில்லை.

டமாஸ்கஸின் அந்தத் தூதர் இல்லத்தில் பராக்குக்கு முன் இருந்தவர் ராபர்ட் ஃபோர்ட். அவருக்கு அந்த நிலத்தில் பாட்டனார் இல்லை. இளைஞராக அமைதிப் படைத் தன்னார்வலராக மொராக்கோவில் இருந்தார், அரபு கற்றார், வெளியுறவுப் பணியில் படிப்படியாக ஏறித் தூதரானார். 2011 ஜூலையில் சிரிய அதிபர் அசாத்தின் படைகள் சூழ்ந்திருந்த ஹமா நகருக்குப் போனார். மக்கள் அவர் வண்டி மீது ரோஜாக்களையும் ஒலிவக் கிளைகளையும் போட்டார்கள். போரை அவரால் தடுக்க முடியவில்லை. வெள்ளை மாளிகையில் அவர் சொல்லுக்கு இருந்த எடை வேறு, பராக் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு. ஆனால் மக்களிடம் போய் நிற்க வேண்டும் என்று ஃபோர்டுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிறப்பு அவருக்குக் கொடுக்கவில்லை. மொழி படித்து, ஊரில் தங்கி, சம்பளம் குறைவான ஆண்டுகளில் சேர்த்தது அது.

2025 ஆகஸ்ட் 26. பெய்ரூட்டுக்கு வெளியே பாப்தா அதிபர் மாளிகை. ஹெஸ்பொல்லா இயக்கம் ஆயுதங்களைக் கீழே வைப்பது பற்றிய பேச்சு முடிந்து பராக் செய்தியாளர்களிடம் வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். நாகரிகமாக நடந்துகொள்ளுங்கள் என்றார். இது விலங்குத்தனமாக மாறினால் நான் போய்விடுவேன் என்றார். இந்தப் பகுதியின் சிக்கலே இதுதான் என்பது போலவும் பேசினார்.

காணொளியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. நானும் அப்படிக் கூட்டத்தில் தள்ளுமுள்ளில் கேள்வி கேட்டு வாழ்ந்தவன். அந்த அறையில் நின்றவர்கள் யார்? 2023 அக்டோபர் 13இல் தெற்கு லெபனானில் ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் இஸாம் அப்துல்லா இஸ்ரேலியப் பீரங்கிச் சூட்டில் கொல்லப்பட்டார். 2024 அக்டோபரில் ஹாஸ்பையாவில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று ஊடகப் பணியாளர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். அவர்களுடைய சகபணியாளர்கள்தான் மாளிகையில் குரல் உயர்த்திக் கேட்டவர்கள். அவர்களுக்கு அவசரம் இருந்தது. லெபனான் அதிபர் மாளிகை வருத்தம் தெரிவித்தது, செய்தியாளர் சங்கத்தினர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அந்தச் சொல் பொருத்தமில்லாதது என்று பராக்கும் பிறகு ஒப்புக்கொண்டார்.

சைக்ஸ்-பிகோவைக் கண்டித்த அதே வாய்தான். ஒருகாலத்தில் அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சு ஆணையர்கள் அந்த நிலத்து மக்களைப் பார்த்த பார்வை, அந்த நிலத்துப் பேரனிடமிருந்தே வந்தது. கூட்டத்தைச் சமாளிக்க அவர் படித்த பள்ளிகள் எதுவும் கற்றுத்தரவில்லை. இளவரசரின் அவையில் கூட்டம் இல்லை. ஒப்பந்த மேசையில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவர்கள் மட்டுமே உட்காருவார்கள். நியூயார்க் நில வணிகத்திலிருந்தே வந்த இன்னொரு தூதர் ஸ்டீவ் விட்காஃபும் மாஸ்கோவுக்கும் தோஹாவுக்கும் போய் ஒரே ஒருவரோடு மணிக்கணக்கில் உட்காருபவர்தான். இரண்டு பேருக்கும் அதுவே பலம். பேச்சுவார்த்தை அறைக்கு வெளியே வாசலில் நிற்பவர்கள் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஆனால் அதே நாள் அதே ஊரில் அவர் இன்னொன்றும் சொன்னார். அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஈரானிடம் சம்பளம் வாங்கிப் போரிடும் ஏறத்தாழ 40,000 பேர் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, ‘போய் ஒலிவ மரம் நடு’ என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும், வளைகுடாப் பணத்தில் தெற்கில் பொருளாதார மண்டலம் அமைப்போம் என்றார். வாஷிங்டனிலிருந்து வந்த யாரும் ஹெஸ்பொல்லாவின் ஆட்களை வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவர்களாகப் பேசி நான் கேட்டதில்லை. கல்வர் சிட்டிக் கடையின் மகன் பேசினார் என்று அந்த இடத்தில் நினைத்தேன். பாதி வழி மட்டும். ஏனென்றால் தெற்கு லெபனான்காரருக்கு ஒலிவ மரம் வேறு வழியில்லாதவன் செய்யும் வேலை அல்ல. தாத்தா நட்டதைப் பேரன் பறிப்பது, எண்ணெய் ஆட்டுவது, அதில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது. 2023இல் எல்லையோரத் தோப்புகள் தீப்பிடித்து எரிந்தபோது போனது அந்த வருமானம். முதலீட்டாளர் பார்வையில் அது காலி நிலம், மண்டலம் அமைக்க ஏற்ற இடம்.

மறுநாள் அவர் தெற்கே கியாமுக்கும் தைருக்கும் போவதாக இருந்தது. எதிர்ப்புத் தெரிவித்து மக்கள் சாலையில் கூடினார்கள். பயணம் ரத்தானது. அவர் போயிருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன், கூட்டம் கத்தினாலும். கியாம் குன்றின் மேல் இருக்கும் ஊர், எதிரே இஸ்ரேலின் மெத்துலா தெரியும். 2024 இஸ்ரேல்-ஹெஸ்பொல்லா போரில் பெரும்பகுதி இடிந்தது. லெபனான் முழுவதையும் மீட்டெடுக்க 1,100 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கி 2025இல் கணக்குப் போட்டது. அந்தத் தொகையை எங்கிருந்து திரட்டலாம் என்று பராக்குக்கு நன்றாகத் தெரியும், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த வீட்டை முதலில் கட்ட வேண்டும், எந்தத் தோப்பு யாருடையது, தவணை கேட்கக் கூடாதவர் யார் என்பதைக் கியாம்காரர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று கேட்க மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்துதான் பேசுவார்கள். அதைக் கேட்க அவர் இன்னும் போகலாம்.